தோட்டத்தில் எலித் தொல்லை: விஷம் வைப்பதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

பெங்களூருவில் தரைத்தள வீடு, பின்னால் சின்னதாக ஒரு தோட்டம். அல்லது புனேயில் அபார்ட்மெண்ட், பால்கனியிலும் மொட்டை மாடியிலும் தக்காளி, கீரை, கறிவேப்பிலை. வார நாளெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் மண்ணில் கை வைக்கும் இளைஞர்கள் இன்று எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலரும் சந்திக்கும் பிரச்னை ஒன்றுதான். பழுக்கப் போகும் தக்காளி பாதி கடிபட்டுக் கிடக்கும். நேற்று விதைத்த நிலக்கடலை இன்று காணாமல் போயிருக்கும். சுவர் ஓரமாகப் புதிதாக ஒரு வளை, அதன் வாசலில் கிளறிப் போட்ட மண்.

உடனே கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வந்து வைப்பதுதான் பலரும் எடுக்கும் முதல் முடிவு. ஆனால், அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. ஏன் என்பதையும், அதற்கு முன்னால் என்னென்ன செய்ய முடியும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

வந்திருப்பது எலிதானா?

முதலில் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் ஓடுவதெல்லாம் எலி இல்லை.

மூஞ்சூறு: கூர்மையாக நீண்ட மூக்கு, மிகச் சிறிய கண்கள், சுவர் ஓரமாகவே 'கீச் கீச்' என்று சத்தம் போட்டபடி ஓடும். கிட்டே போனால் ஒரு மாதிரி நெடி அடிக்கும். பிள்ளையாரின் வாகனமாக நாம் சொல்லும் இந்த மூஞ்சூறு, உயிரியல் வகைப்பாட்டில் எலி இனமே கிடையாது. கரப்பான் பூச்சி, வண்டு, புழு போன்றவைதான் இதன் முக்கிய உணவு. தோட்டத்துக்கு இதனால் நன்மையே அதிகம். அடையாளம் தெரியாமல் பலர் இதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

வீட்டெலி: உடலைவிட வால் நீளமாக இருக்கும். ஏறுவதில் கெட்டிக்காரன். தென்னை மரம், கொடி, கேபிள் ஒயர், தண்ணீர்க் குழாய் என எதில் வேண்டுமானாலும் ஏறும். மாடித் தோட்டத்துக்கு வருவது பெரும்பாலும் இதுதான். தரையில் வளை தேடினால் கிடைக்காது. ஃபால்ஸ் சீலிங், பரண், அடர்ந்த கொடி, தென்னையின் கொண்டை ஆகியவற்றில் கூடு கட்டியிருக்கும்.

பெருச்சாளி: அரை கிலோவுக்கு மேல் எடை இருக்கும். சில ஒரு கிலோவைக்கூட நெருங்கும். காம்பவுண்டு சுவரின் அடியிலும் சாக்கடை ஓரத்திலும் பெரிய வளை தோண்டும். மடக்கினால் பன்றி மாதிரி உறுமும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பாண்டிகூட்' என்ற பெயரே, தெலுங்கில் 'பன்றி எலி' என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

கரம்பை எலி: பெருச்சாளியின் சிறிய உறவுக்காரன். வயல்களில் நெல்லையும் நிலக்கடலையையும் வளைக்குள் சேர்த்து வைப்பது இதுதான். நகரத் தோட்டங்களிலும் உண்டு. உள்ளே இருக்கும்போது வளையின் வாசலை மண்ணால் மூடிக்கொள்ளும் பழக்கம் இதற்கு இருக்கிறது. ஆகவே மண் மூடிய வளையைப் பார்த்து 'இது பழைய வளை' என்று விட்டுவிடக் கூடாது.

எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. சாயங்காலம் எல்லா வளைகளையும் மண்ணாலோ கசக்கிய செய்தித்தாளாலோ அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ, அதில்தான் எலி இருக்கிறது. விவசாயிகள் காலகாலமாகச் செய்வது இது.

கொல்லக் கொல்ல ஏன் குறைவதே இல்லை?

பெண் எலியின் கர்ப்ப காலம் சுமார் மூன்று வாரம். ஒரு ஈற்றில் 6 முதல் 10 குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகள் இரண்டு, மூன்று மாதங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

ஓர் இடத்தில் எத்தனை எலிகள் இருக்க முடியும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மூன்று விஷயங்கள்: சாப்பாடு, தண்ணீர், ஒளிந்துகொள்ள இடம். இந்த மூன்றும் அப்படியே இருக்கும்போது நீங்கள் பத்து எலிகளைக் கொன்றால், மிச்சமிருப்பவை பெருகியோ பக்கத்துத் தெருவிலிருந்து புதியவை வந்தோ சில வாரங்களில் அந்த இடம் நிரம்பிவிடும். 'மருந்து வச்சோம், ஒரு மாசம் நல்லாதான் இருந்துச்சு, திரும்பவும் வந்துடுச்சு' என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் எலிகள் மேடான, காய்ந்த இடத்தைத் தேடி வீட்டுப் பக்கம் நகரும். எனவே பருவமழை தொடங்குவதற்கு முன்பே வேலையை முடிப்பது நல்லது.

எலியால் உடம்புக்கு என்ன ஆபத்து?

முக்கியமானது எலிக்காய்ச்சல். 'லெப்டோஸ்பைரா' என்ற பாக்டீரியா எலியின் சிறுநீர் வழியாக மண்ணிலும் தேங்கிய நீரிலும் கலக்கிறது. நம் காலில் இருக்கும் சின்ன வெடிப்பு, கையில் இருக்கும் கீறல், கண், மூக்கு, வாய் வழியாக உடலுக்குள் போகிறது. நாய், மாடு போன்ற விலங்குகள் மூலமும் பரவும் என்றாலும், நகரங்களில் எலிதான் பெரிய காரணம்.

2005 ஜூலையில் மும்பை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2018இல் கேரள வெள்ளத்துக்குப் பிறகும் எலிக்காய்ச்சல் வேகமாகப் பரவியது. கேரளாவில் மீட்புப் பணியாளர்களுக்கும் வெள்ளநீரில் நின்றவர்களுக்கும் 'டாக்சிசைக்ளின்' மாத்திரை தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்பட்டது.

அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் தெரியும். திடீரென்று கடுமையான காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, சிவந்த கண்கள். சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், 'வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்தேன், அங்கே எலி இருக்கு' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். டெங்கு, டைஃபாய்டு பரிசோதனைகளோடு இதையும் சேர்த்துப் பார்க்க அந்த ஒரு வரி போதும். நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

தோட்ட வேலையின்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்கள். வெறுங்காலில் ஈர மண்ணில் நடக்காதீர்கள். எலி கடித்த காயை 'அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு' சமைக்காமல், முழுதாகத் தூக்கிப் போடுங்கள். நாய் வளர்ப்பவர்கள், அதற்குப் போடும் தடுப்பூசியில் லெப்டோஸ்பைரோசிஸ் சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்து பாம்பு. எலி இருக்கும் இடத்தைத் தேடி நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வரும். 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. இதில் மிகப் பெரும்பகுதி கிராமங்களில் நிகழ்ந்தவை. ஆனால் ஏரியை ஒட்டியும் வயலை ஒட்டியும் எழும்பியிருக்கும் நகர்ப்புற லேஅவுட்டுகளுக்கு இது தூரத்துச் செய்தி கிடையாது.

விஷம் வைப்பதில் என்ன பிரச்னை?

எலி மருந்து என்று பொதுவாகச் சொன்னாலும், கடைகளில் கிடைப்பவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்: மிக ஆபத்தானது. கல்லீரலைத் தாக்கும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. உட்கொண்டவர் முதல் ஓரிரு நாள் நன்றாகவே இருப்பது போலத் தெரியும், பிறகுதான் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். டியூபில் வருவதால் பற்பசை என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடும் அபாயமும் உண்டு. தமிழ்நாடு அரசு இதற்குத் தடை விதித்திருக்கிறது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் இதை வாங்கவே வாங்காதீர்கள்.

சிங்க் பாஸ்பைடு: கறுப்பு நிறப் பொடி. வயிற்றுக்குள் போனதும் 'பாஸ்பின்' என்ற நச்சு வாயுவாக மாறும். இதற்கும் மாற்று மருந்து இல்லை.

அலுமினியம் பாஸ்பைடு: தானியக் கிடங்குகளில் பயன்படுத்தும் மாத்திரை. ஈரக்காற்று பட்டாலே பாஸ்பின் வாயுவை வெளியிடும். பொதுமக்களுக்கு இதை விற்கக் கூடாது என்பது விதி. 'வளைக்குள்ள ரெண்டு மாத்திரை போட்டு மூடிடுங்க சார்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளை எங்கே போய் முடிகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. உங்கள் படுக்கையறைத் தரைக்கு அடியிலும் முடியலாம்.

புரோமாடியோலோன்: நீலம், பச்சை போன்ற நிறங்களில் கேக் வடிவில் கிடைப்பது. ரத்தம் உறையாமல் செய்து சில நாட்களில் எலியைக் கொல்லும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் ஆபத்து குறைவு. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். விஷம் தின்ற எலி உடனே சாகாமல் தடுமாறிக்கொண்டு திரியும். அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த விஷம் ஏறும். எலியைக் கட்டுப்படுத்தும் உயிர்களையே நாம் கொன்றுவிடுகிறோம்.

2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் ஒரு வீட்டில், பூச்சி ஒழிப்பு நிறுவனம் மூலம் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியைச் சுவாசித்த இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏசி போட்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் வீடுகளுக்கு இது ஒரு பெரிய எச்சரிக்கை.

சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்?

சாப்பாட்டை நிறுத்துங்கள். தோட்டக்காரர்கள் கவனிக்காமல் விடும் விஷயம், உரமே எலிக்கு விருந்து என்பது. கடலைப் புண்ணாக்கு, எலும்புத் தூள், மீன் கழிவில் செய்த உரம் ஆகியவற்றை மண்ணின் மேலே தூவினால் எலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து, மண்ணைக் கிளறி உள்ளே போகும்படி ஊற்றுங்கள். மூட்டையை மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள். வேப்பம் புண்ணாக்குக்கு மாறினால் இன்னும் நல்லது.

கம்போஸ்ட் தொட்டிக்கும் இது பொருந்தும். காய்கறித் தோல், காய்ந்த இலை, காபித் தூள் போடலாம். மிச்சமான சோறு, சப்பாத்தி, இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் மேலே தேங்காய் நார்க் கழிவையோ காய்ந்த இலையையோ போட்டு மூடுங்கள். தொட்டியின் அடியிலும் காற்றுத் துளைகளிலும் கம்பி வலை அடித்துவிடுங்கள்.

புறாவுக்குத் தானியம் போடுவது, தெருநாய்க்கு வைத்த சோற்றை இரவு முழுக்க அப்படியே விடுவது, கீழே விழுந்த கொய்யாவையும் மாம்பழத்தையும் பொறுக்காமல் விடுவது ஆகிய எல்லாமே எலிக்கான இரவுச் சாப்பாடு. நாய்க்குச் சோறு வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். எலி பெரும்பாலும் இரவில்தான் மேயும், எனவே சூரியன் மறைவதற்குள் தரையில் சாப்பிடக்கூடிய எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை நிறுத்துங்கள். சொட்டும் குழாய், ஏசியிலிருந்து வடியும் நீர், தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் நீர் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். கொசுவுக்கும் இதே வேலைதான் பலன் தரும்.

மறைவிடத்தை அகற்றுங்கள். வீடு கட்டி மிஞ்சிய செங்கல், உடைந்த தொட்டிகள், பழைய மரச் சாமான், தென்னை ஓலை என்று மூலையில் குவிந்திருப்பதுதான் எலியின் வீடு. அதை அப்புறப்படுத்துங்கள். காம்பவுண்டு சுவரை ஒட்டி சுமார் இரண்டடி அகலத்துக்குச் செடி கொடி எதுவும் இல்லாமல் வெறும் தரையாக விடுங்கள். எலிக்குத் திறந்த வெளியில் நடமாடுவது பிடிக்காது. புதிதாக வளை தோண்டினாலும் உங்கள் கண்ணில் உடனே படும்.

உள்ளே வரும் வழியை எப்படி அடைப்பது?

வளர்ந்த எலி நுழைய கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை போதும். சுண்டெலிக்கு அதைவிடச் சிறியது, ஒரு பென்சில் நுழையும் இடைவெளியே போதும்.

ஜன்னல், வென்டிலேட்டர், கழிவுநீர்க் குழாய் வாய் ஆகியவற்றில் கால் அங்குலக் கண்ணி கொண்ட கம்பி வலையை அடியுங்கள். பிளாஸ்டிக் வலை வேண்டாம். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையாவது கடித்துக்கொண்டே இருப்பது அதற்குக் கட்டாயம். பிளாஸ்டிக், மரம், மட்டமான சிமென்ட் பூச்சு எதையும் விட்டுவைக்காது. தோட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தும் காரின் ஒயரைக் கடிப்பதும் இதே காரணத்தால்தான். வொர்க் ஃப்ரம் ஹோம் என்று வாரக்கணக்கில் காரை எடுக்காமல் விட்டால், இன்ஜின் பகுதியில் கூடே கட்டிவிடும்.

கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்கு உலோகத் தகடு அடியுங்கள். காய்கறிப் பாத்திகளுக்கு அடியில் கம்பி வலையை விரித்து அதன் மேல் மண் போட்டால், கீழிருந்து தோண்டி வர முடியாது.

தென்னை மரம் இருந்தால், தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றித் தகரத் தகடு அடிப்பது தோப்புக்காரர்களின் பழைய உத்தி. வழுக்கும் தகட்டில் எலியால் ஏற முடியாது. ஆனால் பக்கத்து மரத்தின் கிளையோ கொடியோ தொட்டுக்கொண்டிருந்தால் பலன் இல்லை. அதே போல வீட்டுச் சுவரையும் மாடியையும் தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும்.

வளைகளை அடைக்கும் வேலையைச் சாப்பாட்டை நிறுத்திய பிறகு, பொறி வைத்து எலியைக் குறைத்த பிறகு செய்யுங்கள். எலி உள்ளே இருக்கும்போது அடைத்தால் பக்கத்திலேயே வேறு வழி தோண்டும்.

பொறி வைத்தும் ஏன் சிக்குவதில்லை?

புதிதாக எதைப் பார்த்தாலும் எலி சில நாட்கள் கிட்டே வராது. அதன் இயல்பே அது. எனவே முதல் இரண்டு மூன்று நாட்கள் பொறியைத் தயார் நிலையில் வைக்காமல், உள்ளே தீனியை மட்டும் வையுங்கள். பயம் தெளிந்து தின்னப் பழகியதும், நாலாவது நாள் பொறியைக் கட்டுங்கள்.

பொறியை நடுத் தோட்டத்தில் வைத்தால் சிக்காது. எலி சுவரை உரசியபடிதான் போகும். சுவர் ஓரத்தில், அதன் பாதையில் வையுங்கள். தீனிக்கு மசால் வடை, சுட்ட தேங்காய், கருவாடு, வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் நன்றாக வேலை செய்யும். ஒரே பொறியை மாதக் கணக்கில் வைப்பதைவிட, நாலைந்து பொறிகளை ஒரே வாரத்தில் வைப்பது பலன் தரும்.

கூண்டில் சிக்கியதை என்ன செய்வது? இதற்குச் சுலபமான பதில் இல்லை. இரண்டு தெரு தள்ளி விட்டால் அந்தத் தெருக்காரர் தலையில் கட்டுகிறோம், அல்லது அது உங்களிடமே திரும்பி வரும். கூண்டோடு தண்ணீரில் முக்குவது கொடுமையான முறை, சட்டச் சிக்கலும் வரலாம். உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனத்திடமோ உள்ளாட்சி அலுவலகத்திடமோ ஒப்படைக்க முடியுமா என்று பொறி வைப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லை என்றால், நொடியில் கொன்றுவிடும் விசைப் பொறி உயிருடன் பிடித்து வதைப்பதைவிட மேல். அதைக் குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் தொட முடியாதபடி ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 நவம்பரில் உத்தரப் பிரதேச மாநிலம் பதாயூனில், எலியின் வாலில் கல்லைக் கட்டிச் சாக்கடையில் மூழ்கடித்ததாக ஒருவர் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அந்த எலிக்குப் பிரேதப் பரிசோதனைகூட நடந்தது. நாடு முழுக்கச் சிரிப்பாகப் பேசப்பட்டாலும், வழக்கின் பின்னணியில் இருப்பது மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960.

வீட்டெலியும் பெருச்சாளியும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. ஆகவே எலியைக் கட்டுப்படுத்துவது குற்றம் கிடையாது. தேவையில்லாமல் வதைத்துக் கொல்வதுதான் பிரச்னை. ஒட்டும் அட்டைகளை எதிர்ப்பதற்கும் காரணம் இதுதான். பசையில் சிக்கிய எலி பசியிலும் தாகத்திலும் பல மணி நேரம், சில நேரம் நாள் கணக்கில் துடித்துச் சாகும். அணில், பல்லி, சிட்டுக்குருவி, மூஞ்சூறு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இவற்றைத் தடை செய்யுமாறு இந்திய விலங்குகள் நல வாரியம் 2011இலும் 2020இலும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பல மாநிலங்கள் தடை உத்தரவு பிறப்பித்தும் இருக்கின்றன.

எலியைத் தின்னும் சாரைப்பாம்பையும் ஆந்தையையும் கொல்வதோ பிடிப்பதோ குற்றம். சாரைக்கு விஷம் கிடையாது. தோட்டத்தில் தென்பட்டால் அதன் வழியில் போக விடுங்கள். எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தள்ளி நின்று வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

இதெல்லாம் வேலை செய்யுமா?

பூனை வளர்த்தால் போதும்? நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கழிவு மறுசுழற்சி மையத்தில் எலிகளையும் தெருப் பூனைகளையும் 79 நாட்கள் கேமரா வைத்துக் கவனித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, பூனைகள் கொன்ற எலிகள் வெறும் இரண்டு. சுண்டெலியையும் குட்டிகளையும் பூனை பிடிக்கும். முழு வளர்ச்சி அடைந்த பெருச்சாளி என்றால் ஒதுங்கிப் போய்விடும்.

அல்ட்ராசோனிக் கருவி? எலிகள் சில நாட்களில் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும். ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்ததாக 2001இல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம் 60க்கும் அதிகமான நிறுவனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. திறந்த தோட்டத்தில் இதற்குச் செலவு செய்வது வீண்.

ரசகற்பூர உருண்டை? திறந்த வெளியில் பலன் இல்லை. குழந்தைகள் விழுங்கினால் ஆபத்து.

மிளகாய்ப் பொடி, புதினா எண்ணெய்? ஒரு மழை, ஒரு தண்ணீர் ஊற்றல் வரைதான்.

மாவில் சிமென்ட் கலந்து வைப்பது? நிச்சயமில்லாத, கொடுமையான வழி. வேண்டாம்.

பெஸ்ட் கன்ட்ரோலைக் கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும்?

சில நேரம் ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது கூச்சப்படாமல் கேளுங்கள்.

• பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா? அதைக் காட்ட முடியுமா?
• என்ன மருந்து வைக்கிறீர்கள்? அதன் பெயரை எழுதிக் கொடுங்கள்.
• அதற்கு மாற்று மருந்து என்ன?
• எங்கெங்கே வைக்கிறீர்கள், எத்தனை கட்டி? வேலை முடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிடுவீர்களா?

வாயு வெளியிடும் மருந்தையும் திறந்தபடி வைக்கும் பொடியையும் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். தோட்டத்தில் வைப்பதானால், பூட்டக்கூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையோடு பொருத்தச் சொல்லுங்கள். அவர்கள் போன பிறகு மிச்ச மருந்தை 'அப்புறம் உதவும்' என்று அலமாரியில் வைக்கவே வேண்டாம்.

யாராவது தவறுதலாக உட்கொண்டுவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மருந்தின் உறையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. மனம் மிகவும் சோர்ந்திருக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இத்தகைய மருந்து வீட்டுக்குள்ளேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனநல உதவிக்கு 'டெலி மானஸ்' எண் 14416.

செத்த எலியை எப்படி அப்புறப்படுத்துவது?

வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எலியின் மீதும் சுற்றிலும் தெளியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு கவருக்குள் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கினால் தூசியாகப் பறந்து மூக்குக்குள் போகும். அதே கலவையால் நனைத்துத் துடையுங்கள்.

எலி கடித்துவிட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். வீட்டெலிக் கடிக்கு ரேபிஸ் தடுப்பூசி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியும் வேறு மருந்தும் தேவைப்படலாம்.

நான் மட்டும் செய்தால் போதுமா?

போதாது. காம்பவுண்டு சுவர் எலிக்கு எல்லை கிடையாது. உங்கள் தோட்டம் சுத்தமாக இருந்தும், பக்கத்துக் காலி மனையில் குப்பை குவிந்தால் எலி குறையாது. அபார்ட்மெண்ட் என்றால் குடியிருப்போர் சங்கத்தில் பேசுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் 'எலி தொல்லை தாங்கல' என்று எழுதுவதோடு நிற்காமல், குப்பைத் தொட்டிக்கு மூடி, இரவில் குப்பையை வெளியே வைக்காமல் இருப்பது, உடைந்த சாக்கடை மூடியை மாற்றுவது என மூன்றே கோரிக்கைகளை வையுங்கள். எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் பொறி வைத்தால்தான் பலன் தெரியும்.

உள்ளாட்சியையும் விடாதீர்கள். மும்பை மாநகராட்சியில் இரவில் எலி பிடிப்பதற்கென்றே பணியாளர்கள் இருக்கிறார்கள். அந்த அளவு ஏற்பாடு எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் காலி மனையில் குவியும் குப்பையும் உடைந்த சாக்கடையும் எந்த ஊரிலும் உள்ளாட்சியின் பொறுப்புதான். போட்டோவோடு புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

இந்த வார இறுதியில் எங்கிருந்து தொடங்கலாம்?

சனிக்கிழமை காலை: மூலையில் கிடக்கும் செங்கல், உடைந்த தொட்டி, ஓலை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பூட்ஸ், கையுறை அவசியம். குவியலுக்குள் கையை விடாமல் முதலில் கம்பால் கிளறிப் பாருங்கள், பாம்போ தேளோ இருக்கலாம்.

சனிக்கிழமை மாலை: உரம், தானியம், நாய் உணவு எல்லாம் தகர டப்பாவுக்குள் போகட்டும். கம்போஸ்ட் தொட்டிக்கு மூடி. பிறகு வளைகளை அடைத்துவிடுங்கள்.

ஞாயிறு காலை: எந்த வளை திறந்திருக்கிறது என்று பாருங்கள். அதன் பக்கத்தில், சுவர் ஓரமாக, கட்டாத பொறியில் தீனி வையுங்கள்.

புதன்கிழமை: பொறியைக் கட்டுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள். எதுவும் சிக்காமல் மூன்று நாட்கள் போனால், மீண்டும் வளை சோதனை. எதுவும் திறக்கவில்லை என்றால் நிரந்தரமாக அடைத்து, கம்பி வலை அடிக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்து மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகும் புது வளைகள் தெரிந்தால் உரிமம் உள்ளவர்களை அழையுங்கள். அப்போதும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்ட பிறகே மருந்துக்குச் சம்மதியுங்கள்.